திறவுகோல் யார் கையில்?

குடும்பத்தில் கணினி கற்ற பிள்ளையொருவர் இருப்பாராயின், அக்குடும்பத்தின் தொழிலுக்கு இணையத்தளம் அமைக்கும் பொறுப்பு இந்நாளில் அவர் தலையிலேயே வந்து விழுகின்றது. தந்தையார் கடை நடத்துகின்றார். தாயார் தையல் வேலை செய்கின்றார். சிற்றப்பா இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றார். "நீ படித்த படிப்புக்கு இதையாவது செய்து தா" என்று பெரியவர்கள் கேட்கின்றனர். பிள்ளையும் இணங்குகின்றார். உடனே எழும் வினா, எந்த மென்பொருளைக் கொண்டு அமைப்பது என்பதாகும். இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வது அவ்வினாவையே.

ஆராய்ச்சி வெறும் பேச்சாக முடியாதிருக்கும்பொருட்டு ஓர் ஊரைக் கண்முன் வைத்துக்கொள்வோம். கண்டிக்கு அணித்தாயுள்ள கடுகண்ணாவை அதற்கு மிகப் பொருந்தும். கொழும்பு - கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் அங்கே நிற்கின்றது. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதையும் அவ்வூரின் வழியே ஏறிச் செல்கின்றது. இலங்கைப் புகையிரத சேவையின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2014 டிசெம்பரில் தேசிய புகையிரத நூதனசாலை அங்கே திறந்துவைக்கப்பட்டது. இவற்றைக் காண வருவோரை எதிர்பார்த்துத் தேநீர்க் கடையும், வாசனைத் திரவிய வியாபாரமும், சிறு தங்குவிடுதியும் நடத்துகின்ற குடும்பம் ஒன்றை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அக்குடும்பத்துக்கு ஏற்ற இணையத்தளம் எது?

முறைமை என்பது யாது?

முற்காலத்தில் இணையத்தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் கணினிக் குறியீடுகளால் கையாலேயே எழுதினர். அறை வாடகையில் ஒரு தொகையை மாற்றவேண்டுமெனினும் விடயம் அறிந்தவரை அழைக்கவேண்டியிருந்தது. இக்குறையைப் போக்க வந்ததே உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. பத்திரிகாலயத்தில் ஆசிரியர் செய்தியை எழுதுகின்றார். பக்கம் அமைப்போர் அதனை உரிய இடத்தில் உரிய அளவில் வைக்கின்றனர். அவ்வாறே இம்முறைமையிலும் எழுத்தும் படமும் தரவுத்தளத்தில் ஒருபுறம் இருக்க, பக்கத்தின் தோற்றம் வார்ப்புருவாக மறுபுறம் இருக்கும். கடைக்காரர் ஒரு படிவத்தை நிரப்புவதுபோல் எழுதிவிட்டால், பக்கத்தை அமைக்கும் வேலையை மென்பொருள் செய்துவிடும்.

இவ்வகை முறைமைகளுள் திறந்த மூல மென்பொருள்களாக உலகெங்கும் அறியப்பட்டவை மூன்று: வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல். மூன்றும் பி.எச்.பி. என்னும் ஒரே நிரல்மொழியில் எழுதப்பட்டவை. இவற்றை எவரும் பணங் கொடாமல் தரவிறக்கிப் பயன்படுத்தலாம். இதனைக் கேட்டவுடன், "இலவசமாயின் நல்லதே" என்று தலையசைப்போர் பலர். தெரிவில் நேரும் முதற் பிழை அங்கேதான் தொடங்குகின்றது.

இலவசமா, உரிமையா?

திறந்த மூலம் என்பதன் சிறப்பு இலவசத்தில் இல்லை. மென்பொருளின் மூல நிரலைப் படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் நமக்குள்ள உரிமையே அதன் சிறப்பு. 1983இல் றிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்கர் தொடங்கிய இயக்கத்திலிருந்து, 1989இல் பொது உரிமம் எனப்படும் சட்ட ஆவணம் பிறந்தது. மேற்கூறிய மூன்று முறைமைகளும் அவ்வுரிமத்தின் கீழேயே வழங்கப்படுகின்றன. அவ்வுரிமத்தினால் ஒரு வியாபாரிக்கு விளையும் நன்மை யாதென்பதை இரண்டு வரலாறுகள் தெளிவாக உணர்த்தும்.

பி2 என்றொரு சிறு மென்பொருள் இருந்தது. அதனை எழுதியவர் 2002ஆம் ஆண்டளவில் அதனைக் கவனிப்பதை விட்டுவிட்டார். அதனை நம்பியிருந்தோர் திகைத்தனர். ஆனால் உரிமம் திறந்ததாகையால், மற் முலன்வெக் என்னும் 19 வயது மாணவரும், இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டிலும் அதன் நிரலை எடுத்து வேலையைத் தொடர்ந்தனர். 2003 மே 27ஆந் திகதி அது வேர்ட்பிரஸ் என்னும் பெயரில் வெளிவந்தது. இன்று உலகில் வேறெந்த முறைமையினும் மிகுதியான தளங்கள் அதனைக் கொண்டே இயங்குகின்றன.

மற்றொன்று அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. மம்போ என்னும் முறைமை அங்குள்ள ஒரு நிறுவனத்திலே தோன்றி வளர்ந்தது. 2005இல் அதன் நிருவாகம் பற்றிக் கருத்து வேற்றுமை எழுந்தது. நிரல் எழுதிவந்தவர்கள் வெளியேறினர்; தாம் எழுதிய நிரலையும் உடன் எடுத்துச் சென்றனர். சில வாரங்களில் ஜூம்லா பிறந்தது. ஒன்றுகூடி என்னும் பொருளுள்ள சுவாகிலி மொழிச் சொல்லே அதன் பெயருக்கு அடி. உரிமம் மூடியதாயிருந்திருப்பின், எழுதியவர்கள் வெறுங்கையுடன் போயிருப்பர். அதனைப் பயன்படுத்தியோரும் வழியின்றி நின்றிருப்பர்.

நம் நாட்டிலும் இவ்வியக்கத்தின் பெருமைக்குச் சான்று உண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் இரவுபகலாக ஒரு மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் சஹன என்னும் பெயரை அதற்கு இட்டனர். அதனையும் திறந்த மூலமாகவே வெளியிட்டனர். ஆதலினாலேயே 2005இல் பாகிஸ்தானை உலுக்கிய பூகம்பத்தின்போதும், 2010இல் ஹெயிட்டியிலும் அது துணைக்கு வந்தது. அது வியாபாரத் தளம் அமைப்பதற்குரிய மென்பொருள் அன்று. எனினும், திறந்த மென்பொருள் அந்நிய நாட்டார் நமக்கிடும் பிச்சையன்று என்பதையும், நாமும் அதிற் பங்காளிகளே என்பதையும் நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

பிறர் வீட்டுத் திண்ணை

"இவ்வளவு தொல்லை எதற்கு? முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினாற் போதாதா?" என்று கேட்போர் உண்டு. முகநூற் பக்கம் பயனற்றதென்று நாம் கூறவில்லை. அது பிறர் வீட்டுத் திண்ணையிற் கடை பரப்புவதை ஒக்கும் என்றே கூறுகின்றோம். வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் கடையும் மூடப்படும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்செயல்கள் மூண்டபோது, முகநூலும் வட்ஸ்அப்பும் நாடெங்கும் ஏறத்தாழ ஒரு வாரம் தடைசெய்யப்பட்டன. வாடிக்கையாளருடன் பேச அவ்விரண்டையே நம்பியிருந்த வியாபாரிகளுக்கு அந்நாள்களில் வாயில்லாமற் போயிற்று. கண்டிப் பகுதியில் இணைய வசதியே கட்டுப்படுத்தப்பட்டமையால், அங்கிருந்தோர் தம் சொந்தத் தளத்தைக்கூட எளிதில் திறந்திருக்கமாட்டார்கள் என்பது உண்மையே. ஆயினும் வெளிநாட்டிலிருந்து அறை தேடிய ஒருவர், அத்தளத்தின் மூலம் விடுதியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கண்டிருப்பார்.

இலவசமாக இடந்தந்த நிறுவனங்களின் கதையும் இத்தகையதே. ஜியோசிற்றீஸ் என்னும் சேவையில் உலகெங்குமுள்ள மக்கள் பெருந்தொகையான பக்கங்களை அமைத்திருந்தனர். 2009 ஒக்டோபரில் அதன் உரிமையாளராகிய யாகூ நிறுவனம் அதனை மூடிவிட்டது. தம் பக்கங்களை முன்னரே பிரதி செய்து வைக்காதோர் அவற்றை இழந்தனர்.

உரிமைக்கு ஒரு விலை உண்டு

உரிமையின் பெருமையைக் கூறினோம். இனிக் கடமையைக் கூறவேண்டும். சொந்த வீட்டுக்குக் கூரை வேய்பவரும் நாமே. பூட்டு மாற்றுபவரும் நாமே. 2014 ஒக்டோபர் 15ஆந் திகதி ட்ரூபல் குழுவினர் தம் மென்பொருளில் இருந்த ஒரு பெரும் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டனர். இரு வாரங்களின் பின் அவர்கள் விடுத்த எச்சரிக்கை அனைவரையும் திடுக்கிடச் செய்தது. அறிவித்தல் வெளிவந்து 7 மணித்தியாலங்களுக்குள் திருத்தத்தைச் சேர்க்காத தளம் எதுவும் கள்வர் கையிற் சிக்கிவிட்டதென்றே கொள்ளவேண்டும் என்று அவர்கள் கூறினர். கடுகண்ணாவையில் விடுதி நடத்தும் ஒருவர், அந்த 7 மணித்தியாலங்களில் விருந்தினருக்குச் சோறாக்கிக்கொண்டோ உறங்கிக்கொண்டோ இருந்திருப்பார்.

எனவே, மென்பொருளைத் தெரியும்போது நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, எது அழகானது என்பதன்று. இதனைப் பேணுபவர் யார் என்பதேயாகும். வேர்ட்பிரஸ் 2013 ஒக்டோபர் முதல் சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுள்ளது. ஆளணி இல்லாத சிறு வியாபாரத்துக்கு இஃதொரு பெருந்துணை. எனினும் வேர்ட்பிரஸ் தளங்களில் ஆபத்துப் பெரும்பாலும் மூல மென்பொருளால் வருவதில்லை. பலரும் எழுதி வழங்கும் செருகுநிரல்களால் வருகின்றது. படக்காட்சிக்கு ஒன்று, பூவிழும் அலங்காரத்துக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்றென 30 செருகுநிரல்களைச் சேர்ப்பவர், தம் வீட்டுக்கு 30 கதவுகளை வைப்பவராவர். தேவைக்குமேல் ஒன்றும் வேண்டா.

பதிப்புகளுக்கு ஆயுளும் உண்டு. ஜூம்லாவின் 3ஆம் பதிப்பு வரிசைக்கு 2023 ஓகஸ்டுடன் ஆதரவு முடிந்தது. ட்ரூபலின் 7ஆம் பதிப்புக்கு 2025 ஜனவரி 5ஆந் திகதியுடன் முடிந்தது. அதன்பின் அவற்றில் ஓட்டை காணப்படினும் அக்குழுக்கள் திருத்தம் வெளியிடுவதில்லை. இதனை அறியாது ஒருவர் பழைய பதிப்பிலேயே தளம் அமைத்துக் கொடுத்துப் போவாராயின், நட்டம் கடைக்காரருக்கே.

மும்மொழிக் கடை

கடுகண்ணாவைக்கே உரிய மற்றொரு தேவையும் உண்டு. அங்குள்ள வியாபாரியிடம் சிங்களம் பேசுவோரும், தமிழ் பேசுவோரும், ஆங்கிலம் பேசும் பயணிகளும் வருகின்றனர். தளமும் மும்மொழியிற் பேசவேண்டும். இவ்விடயத்தில் மூன்று முறைமைகளும் ஒன்றல்ல. ஜூம்லா 2011 முதலும், ட்ரூபல் 2015இல் வெளிவந்த 8ஆம் பதிப்பு முதலும், பன்மொழித் தளம் அமைக்கும் ஆற்றலைத் தம்முள்ளேயே வலுவாகக் கொண்டுள்ளன. வேர்ட்பிரஸ்ஸில் அதற்குத் தனியாக ஒரு செருகுநிரலைச் சேர்க்கவேண்டும். அச்செருகுநிரலைப் பேணுவோர் நிலையானவர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எழுத்துரு பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவிற் பழகியோர் பலர். அதில் தட்டச்சுச் செய்ததை அவ்வாறே தளத்தில் ஒட்டினால், வாசிப்பவரின் கைத்தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். தேடுபொறிக்கும் அது தமிழென்று தெரியாது. ஒருங்குறியில் எழுதுவதே முறை. ஊரின் பெயரைக் கடுகண்ணாவை என்றும் கடுகண்ணாவ என்றும் இருவகையாக எழுதுவோர் உளர். தேடுவோர் எப்படித் தேடுவர் என்று கூறமுடியாதாகையால், இரு வடிவங்களும் சிங்கள, ஆங்கிலப் பெயர்களும் தளத்தில் ஓரிடத்திலேனும் இருத்தல் நன்று.

எதனைத் தெரிவது?

நம் முடிவை மறைக்காது கூறுவோம். விடுதி, தேநீர்க் கடை, தையலகம் போன்ற சிறு தொழிலுக்கு வேர்ட்பிரஸ் போதும். அதனை அறிந்தோர் எங்கும் உள்ளனர். ஒருவர் விட்டுப் போயினும் இன்னொருவர் கிடைப்பார். பொருள் விற்கும் வசதியை வேண்டுவோர் அதனுடன் வூகொமர்ஸ் என்னும் திறந்த மூலச் செருகுநிரலைச் சேர்க்கலாம். மும்மொழியையும் ஒத்த அளவில் நடத்துவதே தலையாய நோக்கமெனின், ஜூம்லாவைக் கருதுதல் தகும். ஆனால் அதனைக் கற்கச் சற்று அதிக பொறுமை வேண்டும். பல கிளைகளும் பல எழுத்தாளர்களும் வெவ்வேறு அதிகாரப் படிகளும் உள்ள பெரிய நிறுவனத்துக்கு ட்ரூபல் ஏற்றது. அதற்குப் பயின்ற ஆளும் வேண்டும். வருடத்தில் ஒருமுறைகூட மாற்றாத நான்கு பக்கங்களே தேவையெனின், இம்முறைமைகள் எவையுமே வேண்டா. கையாலெழுதிய எளிய பக்கங்கள் பேணுவதற்கு இலகு. களவாட அங்கு அதிகமொன்றும் இல்லை.

இம்முடிவு எக்காலத்துக்கும் மாறாதது என்று எண்ணவும் வேண்டா. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளமே 2009இல் ட்ரூபலுக்கு மாறிப் பின்னர் 2017இல் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறியது. இடம்பெயர வழியிருத்தலே முக்கியம். நம் களனிவெளிப் புகையிரதப் பாதை நெடுங்காலம் 2½ அடி அகலமுள்ள ஒடுங்கிய பாதையாயிருந்தது. பிரதான பாதைகளோ 5½ அடி அகலமானவை. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடமாட்டாதாகையால், 1990களில் அது அகலப் பாதையாக மாற்றப்படும்வரை பொருள்களை வண்டிக்கு வண்டி மாற்றியே ஏற்றவேண்டியிருந்தது. நாம் எழுதியவற்றையும் படங்களையும் வெளியே எடுக்கவிடாத முறைமை எதுவாயினும் அஃது ஒடுங்கிய பாதையே.

இரண்டு பரீட்சைகள்

பிறர் சொல்லை மட்டும் நம்பித் தெரிதல் கூடாது. மாணவர்களே, இம்மென்பொருள்களை உங்கள் சொந்தக் கணினியிலேயே நிறுவிப் பார்க்கலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. நிறுவியபின் இரண்டு பரீட்சைகளை வைத்துப் பாருங்கள்.

முதலாவது, தளத்தை நாள்தோறும் கையாளப் போகின்ற அம்மாவையோ சிற்றப்பாவையோ கணினியின் முன் அமர்த்துங்கள். அறை வாடகையை மாற்றவும், ஒரு படத்தைச் சேர்க்கவும், "இவ்வாரம் விடுதி பூட்டு" என்று ஓர் அறிவித்தல் இடவும் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறவாது அருகில் இருங்கள். அவர்கள் எதில் தடுமாறாமற் செய்து முடிக்கின்றார்களோ அதுவே உங்கள் குடும்பத்துக்கு உகந்தது. உங்களுக்கு எளிதாயிருப்பது அளவுகோலாகாது. நாளை நீங்கள் பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவீர்கள். கடை அங்கேயே இருக்கும்.

இரண்டாவது, தளம் முழுவதற்கும் காப்புப் பிரதி எடுத்து, அதனை வேறொரு கணினியில் மீள நிறுவிப் பாருங்கள். கோப்புகளும் தரவுத்தளமும் இரண்டும் வேண்டும். ஒன்றை மறந்தால் மற்றது பயன்படாது. மீள நிறுவிப் பாராத பிரதியை நம்பியிருத்தல், ஆழம் பாராது ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

இறுதியாக, தளம் அமைப்பதைப் பிறரிடம் ஒப்படைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஆள்களப் பெயர் எவர் பெயரிற் பதியப்படுகின்றது என்று முதலிற் கேளுங்கள். அமைத்துத் தருபவர் அதனைத் தம் பெயரில் பதிந்துவிட்டு, பின்னர் ஊர் மாறியோ மனம் மாறியோ போய்விட்டால், பல ஆண்டுகளாக விளம்பரப் பலகையிலும் பற்றுச்சீட்டிலும் அச்சிட்ட முகவரி உங்களுடையதன்று ஆகிவிடும். பெயர் குடும்பத்தாரின் பெயரிலேயே இருக்கட்டும். வழங்கியின் கணக்கும், தளத்தின் தலைமைக் கடவுச்சொல்லும், புதுப்பிக்கவேண்டிய திகதியும் கொப்பியொன்றில் எழுதப்பட்டு, காணி உறுதி இருக்கும் பெட்டியிலேயே இருக்கட்டும். விருந்தினரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தளத்திற் சேகரிப்பவர்கள், அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பும் தமக்குண்டு என்பதை உணரவேண்டும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க நம் நாட்டில் 2022இல் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

திறந்த மூல மென்பொருள் நமக்குத் தருவது ஒரு திறவுகோல். அதனை வாங்கிப் பிறர் மடியிற் கட்டிவிட்டு உறங்குவோமாயின், மூடிய மென்பொருளை வாங்கியவருக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை. வேர்ட்பிரஸ்ஸா ஜூம்லாவா என்று பிள்ளைகள் வாதிடுவது நல்லதே; அறிவு அதனால் வளரும். ஆனால் தெரிவு முடிந்த அன்று மாலையிலேயே, மாதந்தோறும் திருத்தங்களைச் சேர்ப்பவர் யார், பிரதி எடுப்பவர் யார் என்று வீட்டிலுள்ளோர் கூடியிருந்து பெயர் குறித்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு பெயர்களும் எழுதப்படாத வீட்டில் எந்த முறைமையும் நெடுநாள் நில்லாது.